ஆறாவது பாட்டுக்குப் பிறகு

காணாமல் போனவள் இருநூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்களை விட்டுப் போயிருந்தாள். ஒன்றில்கூட அக்காவின் கணவர் இல்லை.

அதை முதலில் கவனித்தது குண்டூசி.

"ஒண்ணு, அவர்தான் எல்லா போட்டோவும் எடுத்திருக்கணும். இல்லேன்னா அவருக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அக்கா, தங்கை. தங்கை, அக்கா. ஒரு படத்தில் தங்கையின் தோள்மீது ஒரு ஆணின் கை மட்டும் இருந்தது. கைக்குச் சொந்தக்காரர் வெட்டப்பட்டிருந்தார்.

மேடம் முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். குண்டூசி பஸ் கண்டக்டராக இருந்தவன். நாற்பது வயது. உடம்பு ஒல்லி, தலை பெரிது. வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டால் கால் வலி என்பான். நிர்வாகம் சொன்ன காரணம் வாய்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தையல்காரி. அவள் கைகளில் நீல நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவள் தட்டிவிடவில்லை.

"மறுபடி சொல்லுங்க," என்றார் மேடம். "மெதுவா."

சொன்னாள். அப்பா அம்மா இல்லை. தங்கைக்கு இருபத்துநாலு வயது. நாலு வருடமாக அக்கா வீட்டில்தான் இருந்தாள். சிடி காப்பி போடும் கடையில் வேலை. முப்பத்துநாலு நாளுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, அவள் அறை காலியாக இருந்தது. தையல் மெஷின்மேல் இந்த சிடி. அதன்மேல் மார்க்கரில் 'அக்காவுக்கு' என்று இருந்தது.

"சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாரு. போட்டோதான் இருந்துச்சு. மறுநாள் ஸ்டேஷன்ல குடுத்தாரு."

"போலீஸ் என்ன சொன்னாங்க?"

"சண்டை இல்ல, மிரட்டல் இல்ல. ஆல்பம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கா. மேஜர் பொண்ணு. தானா போனதுதான்னு."

"இப்போ எதுக்கு எங்ககிட்ட?"

"இன்னைக்கு நாலு மணிக்கு வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடறாரு. தானா போனதா ஒத்துக்கிட்டு. ஃபைலை மூடிருவாங்க. சிடியைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவளை யாரும் தேட மாட்டாங்க."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்களுக்கு என்ன தெரியணும்?" என்றார் மேடம்.

"அந்த சிடில என்ன இருக்குன்னு தெரியணும்."

குண்டூசி நிமிர்ந்து பார்த்தான். "அதான் இருநூத்திப் பன்னெண்டையும் பார்த்துட்டோமேம்மா. இன்னும் ரெண்டு பார்த்தா நானே உங்க சொந்தக்காரன் ஆயிடுவேன்."

அவள் சிரிக்கவில்லை.

மேடம் பொத்தானை அழுத்தினார். தட்டு வெளியே வந்தது. சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். எழுத்து இருந்த பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை.

"குண்டூசி, போட்டோ எல்லாம் சேர்ந்து எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு?"

"பார்த்தேன் மேடம். எண்பது எம்பி. சிடில மொத்த இடம் எழுநூறு."

"ஒன்பதுல ஒரு பங்கு."

"ஆமா."

"இங்க பாரு."

நடுத் துளையிலிருந்து பாதிக்கு மேல் சிடியின் நிறம் கருத்திருந்தது. அதற்கு வெளியே வெளிர்ந்த விளிம்பு. கருத்த பகுதிக்குள்ளே ஓர் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது.

"டிக்கெட் ஒண்ணு வாங்கிட்டு நாலு சீட் பிடிச்சிருக்கா," என்றான் குண்டூசி.

"மிச்ச மூணு சீட்ல யாரு?" மேடம் சிடியை உறையில் போட்டார். தையல்காரியைப் பார்த்தார். "சிடி காலைல கிடைச்சது. வீட்டுக்காரர் பார்த்தது சாயங்காலம். நடுவுல என்ன பண்ணீங்க?"

"தைச்சேன்."

"நாள் பூரா?"

"ஸ்கூல் யூனிஃபார்ம். நூத்தி இருபது சட்டை."

"வீட்டுக்குப் போங்க. ஒன்றரைக்கு வர்றோம். தைச்சுக்கிட்டு இருங்க."

தங்கை வேலை பார்த்த கடை ஒரு நடைபாதை அகலம்தான் இருந்தது. சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதில் எட்டுத் தட்டுகள். அவர்கள் நுழைந்தபோது எட்டும் ஒரே நேரத்தில் வெளியே நீண்டன.

"நாக்கை நீட்டுது மேடம். மரியாதை தெரியாத மெஷின்."

கடைக்காரர் எட்டு சிடிகளை எடுத்து அடுக்கினார். ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தரையில் போட்டார். தரையில் ஏற்கெனவே ஒரு குவியல். அதிலிருந்து ஒன்றை எடுத்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு இருந்தவரை ஒரு சிடி வீணானதில்ல. நான் போட்டா பத்துக்கு மூணு டீ கிளாஸுக்குத்தான் போகுது."

"அவங்ககிட்ட அப்படி என்ன வித்தை?"

"வித்தை இல்ல, பொறுமை. இது எழுதறப்போ கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. நடுவுல வேற வேலை குடுத்தா எழுத்து அறுந்துடும். சிடி போச்சு. நான் தொட்டுடுவேன். அவ கையை மடில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. முடியறவரை."

"போலீஸ் வந்தாங்களா?"

"வந்தாங்க. அவளுக்கு யாராவது ஆள் உண்டான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். போயிட்டாங்க."

"சிடியைக் காட்டினாங்களா?"

"எந்த சிடி?"

மேடம் நீட்டினார். கடைக்காரர் விளிம்பைப் பிடித்து வாங்கினார். மார்க்கர் எழுத்தைப் பார்த்தார். அவள் கையெழுத்து என்றார். திருப்பினார். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கினார்.

"ரெண்டு தடவை எழுதியிருக்கா."

"அப்படீன்னா?"

"சிடி உள்ளேருந்து வெளியே எழுதும். எழுதின இடம் கருக்கும். இந்தக் கோடு தெரியுதா? மொத தடவை எழுதினது அதுவரைக்கும். அது முடிஞ்சு, மூடி, மறுபடி ஆரம்பிச்சிருக்கா. வெளிய இருக்கிற சின்ன வளையம்தான் போட்டோ."

"உள்ள இருக்கிறது?"

"பாட்டு. பாட்டு மாதிரி ஏதோ ஒண்ணு. கம்ப்யூட்டர்ல போட்டா போட்டோ ஃபோல்டர்தான் திறக்கும். பாட்டு இருக்குன்னு தெரிஞ்சு தேடினவனுக்குத்தான் கிடைக்கும். ஆனா சாதாரண பாட்டுப் பெட்டில போடுங்க, உள் வளையத்தை மட்டும்தான் படிக்கும். போட்டோ இருக்கிறதே அதுக்குத் தெரியாது."

"ஒரே ஆளு," என்றான் குண்டூசி. "வீட்டுல ஒரு முகம், வெளில ஒரு முகம்."

"கை தவறி இப்படி ஆகுமா?" என்றார் மேடம்.

கடைக்காரர் அவரைக் கோபமாகப் பார்த்தார். "அவ கையா? இதுக்கு ஒவ்வொரு பாட்டா எழுதணும். ஒண்ணு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்க நடுவுல ரெண்டு செகண்ட் சும்மா ஓடும். அப்புறம் மூடணும். அப்புறம் போட்டோ. அப்புறம் மறுபடி மூடணும். உக்காந்து யோசிச்சு செஞ்ச வேலை இது. இங்கயே போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம்."

வெளியே வந்ததும் குண்டூசி கேட்டான். "ஏன் மேடம்? பசிக்கிறவனை ஹோட்டல் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து திருப்பிக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு."

"அவங்க வீட்டுல கம்ப்யூட்டரை யார் தொடுவாங்க?"

"வீட்டுக்காரர்."

"பாட்டுப் பெட்டி?"

குண்டூசி நின்றான். "தையல் ரூம்ல இருக்கும்."

"யாருக்கு எழுதினதோ அவங்க முன்னாலதான் பிரிக்கணும்."

கதவைத் திறந்தவர் தையல்காரியின் கணவர். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. இஸ்திரி போட்ட சட்டை, கையில் பை. பேச்சில் இருமல் மருந்தின் இனிப்பு இருந்தது.

"வாங்க மேடம், வாங்க சார். இவ உங்ககிட்ட வந்தது இப்பத்தான் தெரியும். பரவாயில்ல. அவ மனசும் ஆறணும் இல்லையா?"

"தங்கச்சி ரூமைப் பார்க்கலாமா?"

"தாராளமா. நமக்கு ஒளிக்க என்ன இருக்கு?"

ஒரு கட்டில், ஓர் அலமாரி, மடித்து வைத்த போர்வை. மேடம் அறைக்குள் எதையும் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி அதன் உட்பக்கத்தைப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் நாலு திருகாணித் துளைகள். அவற்றைச் சுற்றி, பெயின்ட் படாத ஒரு நீள்சதுரம்.

"தாழ்ப்பாள் துருப்பிடிச்சுப் போச்சு," என்றார் கணவர் வெளியிலிருந்து. "கழட்டினேன். புதுசு போடணும். நேரமே கிடைக்கல."

"எப்போ சார் கழட்டினீங்க?" என்றான் குண்டூசி.

"ஒரு மூணு நாலு மாசம் இருக்கும்."

"தாழ்ப்பாளுக்கு மூணு மாசம் லீவு. எங்க டிப்போல இப்படி லீவு குடுத்திருந்தா நான் வேலையை விட்டே இருக்க மாட்டேன்."

கணவர் சிரித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆபீஸ்ல தலையைக் காட்டிட்டு நாலு மணிக்கு ஸ்டேஷன் போயிடறேன். மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. ஒரு வார்த்தை எழுதி வைக்கல அவ. போட்டோ மட்டும் வச்சா. அதுவே ஒரு பதில்தானே?"

"ஆமா," என்றார் மேடம்.

அவர் போனார். கேட் சாத்தும் சத்தம் கேட்கும் வரை மேடம் நகரவில்லை.

தையல் அறை பின்பக்கம். மோட்டார் வைத்த மெஷின், நீலத் துணிக் குவியல், தனியே ஒரு குவியல் காலர். அலமாரியில் துணி போர்த்திய பாட்டுப் பெட்டி. சுவரில் எதுவும் இல்லை.

"இந்த ரூமுக்கு அவர் வருவாரா?"

"வர மாட்டாரு. மெஷின் சத்தம் தலைவலின்னுவாரு."

மேடம் துணியை நீக்கினார். சிடியைப் போட்டார். "நீங்க வேலையை நிறுத்த வேண்டாம். தைச்சுக்கிட்டே கேளுங்க."

பெட்டி சுழன்றது. பாட்டு வந்தது.

பழைய பாட்டு. ஒரு பெண் குரல், பின்னால் வயலின். தையல்காரி மிதியை அழுத்தினாள். சட்டைக் கை ஒன்று ஊசிக்குக் கீழே நகர்ந்தது.

பாட்டு முடிந்தது. இரண்டு நொடி ஒன்றும் இல்லை. மெஷின் மட்டும் ஓடியது. அடுத்த பாட்டு.

"நேரா கடைசிக்குப் போயிடலாமே மேடம்," என்றான் குண்டூசி. "நாலு மணி நம்மளுக்காக நிக்காது."

"வரிசையா போகட்டும்."

மூன்றாவது பாட்டு. நான்காவது. குண்டூசி வாசலில் உட்கார்ந்து விரலால் தாளம் போட்டான். பிறகு அதை விட்டுவிட்டான். பாட்டுகள் எல்லாம் நல்ல பாட்டுகள். யாரோ யாருக்கோ பிடித்ததைத் தெரிந்து பொறுக்கியவை. தையல்காரி ஒரு கையை முடித்து அடுத்ததை எடுத்தாள். ஐந்தாவது பாட்டு முடிந்த இடைவெளியில் அவள் நூலைப் பல்லால் கடித்தாள். கால் மிதியில்தான் இருந்தது.

ஆறாவது பாட்டு முடிந்தது.

மெஷின் நின்றது.

இரண்டு நொடி. பிறகு ஒரு குரல், மிக அருகில்.

"அக்கா. மெஷினை நிறுத்திட்டுக் கேளு. மாமா என் ரூம் தாழ்ப்பாளைக் கழட்டினது துருவுக்காக இல்ல. ரெண்டு தடவை உன்கிட்ட சொல்ல வந்தேன். ரெண்டு தடவையும் நீ மெஷினை மிதிச்ச. உனக்குக் கேக்கலையா, கேட்டுச்சான்னு எனக்குத் தெரியல. அதான் இதுல சொல்றேன். அவர் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்ப்பாரு. அவருக்குப் போட்டோதான் தெரியும்."

குரல் மூச்சு வாங்கியது.

"நான் நல்லாத்தான் இருக்கேன். எங்கேன்னு சொல்ல மாட்டேன். இனி வர்ற அஞ்சு புதன்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கிற பஸ் ஸ்டாப்ல நிப்பேன். நீ வந்தா நம்பினேன்னு அர்த்தம். அப்புறம் என்ன செய்யறதுன்னு சேர்ந்து யோசிக்கலாம். வரலேன்னா ஒண்ணும் கேக்க மாட்டேன். அஞ்சுக்கு அப்புறம் வேற ஊருக்குப் போயிடுவேன். அவ்வளவுதான்."

பெட்டி சுழன்று நின்றது.

குண்டூசி எழுந்தான். காலண்டரைத் தேடினான். சுவரில் எதுவும் இல்லை. விரல் விட்டு எண்ணினான்.

"மேடம், இன்னைக்குத்தான் அஞ்சாவது புதன்கிழமை. மணி ரெண்டு இருபது. கிளம்பினா பிடிச்சுடலாம்."

மேடம் நகரவில்லை. தையல்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இதை முன்னாடியே கேட்டிருக்கீங்க."

குண்டூசி அப்படியே நின்றான்.

"ஆறு இடைவெளி," என்றார் மேடம். "அஞ்சுல மெஷின் ஓடிச்சு. ஆறாவதுல, குரல் வர்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துட்டீங்க. நிறுத்துன்னு அவ இன்னும் சொல்லவே இல்ல."

தையல்காரி ஊசிக்கு அடியிலிருந்த துணியை மெல்ல இழுத்தாள்.

"காலைலயும் பார்த்தேன். தங்கச்சியைக் காணோம்னு வர்றவங்க, எங்க இருக்கா, உசிரோட இருக்காளான்னுதான் கேப்பாங்க. நீங்க சிடில என்ன இருக்குன்னு கேட்டீங்க. உங்களுக்கு மத்த ரெண்டுக்கும் பதில் தெரியும்."

"தெரியும்."

"மொத நாளே கேட்டீங்களா?"

"காலைலயே. அவ குடுத்தா பாட்டாத்தான் இருக்கும்னு போட்டேன்." துணியை மடித்தாள். "ஒரு தடவைதான் கேட்டேன். அதுக்கப்புறம் கேக்க வேண்டியிருக்கல."

"எதுக்கு அவர்கிட்ட குடுத்தீங்க?"

"அவரே கேட்டாரு. மேல என் பேர் எழுதியிருந்துச்சே. குடுக்கலேன்னா ஏன்னு கேட்டிருப்பாரு."

"பஸ் ஸ்டாப்?"

"நாலு வாரமும் போனேன்." அவள் குரலில் இன்னும் எதுவும் இல்லை. "ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்துலயே நின்னேன். அவ எதிர்ப் பக்கம் நிக்கறதைப் பார்த்தேன். அரை மணி நேரம் நிப்பா. பஸ் ஏறிப் போயிடுவா. நானும் வந்துடுவேன்."

"ரோடு அவ்வளவு அகலமா?" என்றான் குண்டூசி. கேட்டபின் கேட்டிருக்க வேண்டாம் என்று அவன் முகம் சொன்னது.

"கடந்துட்டா இந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது சார்."

"அப்புறம் எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார் மேடம்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, தெரியாதுன்னு சொல்லிக்கலாம். இன்னொருத்தருக்கும் தெரிஞ்சுட்டா சொல்லிக்க முடியாது." அவள் எழுந்தாள். "ரெண்டு இருபத்தஞ்சு ஆயிடுச்சு."

ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"யாரையாவது பார்க்கவா?"

"ஆமா," என்றாள் தையல்காரி.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது இறங்கினார்கள். ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி ஒரு மருந்துக் கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு தூண். அவள் நேரே தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே நின்று பழகியவள் என்பது தெரிந்தது.

எதிரே பஸ் ஸ்டாப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கிழவர், ஒரு நர்ஸ், கைக்குழந்தையோடு ஒரு பெண்.

மணி மூன்று. மூன்று ஐந்து. ஒரு பஸ் வந்து கிழவரையும் நர்ஸையும் ஏற்றிப் போனது.

"வேற ஸ்டாப்பா இருக்குமோ?" என்றான் குண்டூசி.

"இதுதான்."

மூன்று பத்து. கைக்குழந்தைக்காரியும் போய்விட்டாள். ஸ்டாப் காலியாக இருந்தது. தையல்காரி தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். நடைபாதை விளிம்பில் நின்றாள். ஒரு லாரி போனது. அதற்குப் பிறகு சாலை காலி. அவள் கால் இறங்கவில்லை.

"போயிட்டா," என்றாள்.

"இந்தப் பக்கம் வெயில் ஜாஸ்திக்கா," என்றது ஒரு குரல், பின்னாலிருந்து.

ஜெராக்ஸ் கடைக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள். போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். தோளில் ஒரு பை. ஊருக்குப் போகிற அளவுக்குப் பெரிய பை.

அக்கா திரும்பினாள். இருவருக்கும் நடுவே நாலடி. யாரும் அதைக் குறைக்கவில்லை.

"மொத வாரம் மருந்துக் கடைக் கதவுக்குப் பின்னால நின்ன," என்றாள் தங்கை. "ரெண்டாவது வாரத்துலேருந்து இந்தத் தூண். நாலு வாரமும் பார்த்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம்ல?"

"நீயும்தான்."

அக்கா தங்கையின் தோளில் இருந்த பையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஏம்மா பக்கம் மாறி வந்துட்ட?" என்றான் குண்டூசி.

தங்கை அவனைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. "இன்னைக்குக் கடைசி. இவ கடக்க மாட்டான்னு தெரியும். இங்கயாவது வர்றாளான்னு பார்க்கலாம்னு வந்தேன்."

"மேடம்," என்றான் குண்டூசி தாழ்ந்த குரலில், "இந்தப் பொண்ணுக்கு மட்டும் நம்ம ரூம் சாவியைக் காட்டிடாதீங்க. நாளைக்கே நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

மேடம் அக்காவைப் பார்த்தார். கடிகாரத்தைக் காட்டினார்.

"நாலு மணிக்கு உங்க மாமா ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடறாரு," என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"நீ உன் இஷ்டத்துல போனேன்னு."

"இஷ்டத்துலதான் போனேன்." தங்கை பையை மறு தோளுக்கு மாற்றினாள். "நீ என்ன சொல்லப் போற?"

அக்கா ஸ்டேஷன் இருக்கும் திசையில் நடந்தாள். தங்கை கொஞ்சம் நின்றாள். பிறகு பின்னால் போனாள்.

ஸ்டேஷனில் கணவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் படிவம். எதிரே ஏட்டு, அறுபதை நெருங்கியவர், மூக்கு நுனியில் கண்ணாடி.

கணவர் முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் வந்தவளைப் பார்த்தார். அரை நொடிதான். எழுந்து கையை விரித்தார்.

"பார்த்தீங்களா சார்? நான் சொல்லலை? தானா போனவ, தானா வந்துடுவான்னு! எங்கம்மா போயிருந்த? எங்களைக் கொன்னுட்டியே!"

தங்கை சுவரோரம் போய் நின்றாள்.

"வந்தாச்சா," என்றார் ஏட்டு. "நல்லது. அப்போ வேலை சுலபம். ஆள் கிடைச்சாச்சுன்னு ஒரு வரி எழுதி யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது."

"முடியல," என்றாள் அக்கா.

கணவர் பேனாவை நீட்டியிருந்தார். அவள் அதை வாங்கவில்லை. அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வேற ஒண்ணு எழுதணும். இவர் மேல."

"ஏய், என்ன பேசற நீ? சார், இவளுக்குத் தூக்கமே இல்ல முப்பது நாளா. நான்தான் மாத்திரை குடுத்துக்கிட்டு..."

"நீங்க கொஞ்சம் வெளில நில்லுங்க," என்றார் ஏட்டு. கண்ணாடியை மேலே தள்ளினார். கணவர் நகரவில்லை. குண்டூசி அவர் முழங்கையைத் தொட்டான்.

"முன்னாடி போங்க சார். வழில நிக்காதீங்க."

அவர் போனார்.

ஏட்டு புதிய தாள் எடுத்தார். சுவரோரம் பார்த்தார். "யார் சொல்லப் போறது? தங்கச்சியா?"

"அவ அப்புறம் சொல்லுவா," என்றாள் அக்கா. "அவ இஷ்டப்பட்டா. மொதல்ல நான் சொல்லணும்."

"உங்களுக்கு என்ன நடந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் நடக்கல. எனக்கு எப்போலேருந்து தெரியும்னு எழுதிக்கங்க."

மேடம் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றார் ஏட்டு. "எப்போலேருந்து?"

அக்கா ஒரு தேதி சொன்னாள். சிடி கிடைத்த தேதி அல்ல. அதற்கு மூன்று மாதம் முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. "மெஷினை மிதிச்சுக்கிட்டேதான் கேட்டேன்," என்றாள்.

தங்கை தலை நிமிர்ந்தாள்.

ஏட்டு எழுதிக்கொண்டார்.